பாங்குக்கு முந்தின சொல்

நோன்பு மாதம் வந்தால் எங்கள் குடும்பத்தில் வயிறு காய்வதைவிட மூளை காய்வதுதான் அதிகம். மதியத் தொழுகை முடிந்த கையோடு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று ஆங்கில எழுத்துகள் வந்து விழும். அந்த மூன்றும் உள்ளே இருக்கிற ஆங்கிலச் சொற்களைத் தேடிப் போட வேண்டும். எழுத்துகள் எந்த வரிசையில் வந்தாலும் சரி, இடையில் வேறு எழுத்துகள் எத்தனை புகுந்தாலும் சரி. ஒருவர் போட்ட சொல்லை இன்னொருவர் போடக் கூடாது. சாயங்காலம் நோன்பு திறக்கப் பாங்கு சொல்வதற்கு முன்னால் கடைசியாக யாருடைய சொல் வந்து விழுகிறதோ, அன்றைக்கு அவர்தான் ஜெயித்தவர். பரிசு ஒன்றும் கிடையாது. மறுநாள் மதியம் வரைக்கும் பீற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காகக் கஞ்சி அடிப்பிடித்த நாளெல்லாம் உண்டு.

நான் பிறந்தது ஆனைக்கரையில், ஏலக்காய் வியாபாரம் செய்கிற வீட்டில். வாழ்க்கைப்பட்டு வந்தது பெருமாட்டிப் பக்கம், மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிற வீட்டுக்கு. எங்கள் இரண்டு வீட்டிலும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். என் கணவரின் அக்கா, என் அண்ணனுக்கு மனைவியாக ஆனைக்கரைக்குப் போனார். அவரை நான் மைனி என்று கூப்பிடுவேன். மலைக்குளிரில் பிறந்த நான் தென்னந்தோப்பு வெயிலில் வெந்துகொண்டிருக்கிறேன், வெயிலில் பிறந்த மைனி அங்கே ஸ்வெட்டரைக் கழற்றாமல் அலைகிறார். இந்த மாற்றலில் யாருக்கு லாபம் என்று ஒவ்வொரு பெருநாளுக்கும் ஒரு பேச்சு வரும். எனக்கும் மைனிக்கும் ஏழாம் பொருத்தம் என்பது சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

விளையாட்டை ஆரம்பித்து வைத்தவர் மைனிதான். கல்லூரியில் ஆங்கிலம் படித்தவர், படித்ததை ஏலக்காய் மூட்டைக்கு நடுவில் மறந்துபோகக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. எழுத்து கொடுப்பதும் அவர், தீர்ப்பு சொல்வதும் அவர். அதனால் அவர் சொல் எதுவும் போட மாட்டார். ஆள்பெயர், ஊர்ப்பெயர் செல்லாது. எஸ்டேட்டில் மட்டும் புழங்குகிற அரைகுறை இங்கிலீஷ் செல்லாது. தம்பி என்றும் பார்க்க மாட்டார், கட்டிய புருஷன் என்றும் பார்க்க மாட்டார். முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ஜட்ஜம்மா. அது அவருக்கும் தெரியும், தெரிந்த பிறகு இன்னும் கறார் ஆகிவிட்டார்.

ஆடுகிறவர்களில் என் அண்ணன் ஒரு ரகம். மதியம் முழுக்க வாயைத் திறக்க மாட்டான். நல்ல சொல்லாக ஒன்றை மடியில் கட்டிவைத்துக்கொண்டு, பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் மெல்ல அவிழ்ப்பான். ஏலம் போடுகிற புத்தி. என் மகள் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறாள். இங்கே பாங்கு சொல்லும்போது அவளுக்கு இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். ஆனாலும் அலுவலகத்தில் உட்கார்ந்தபடி கலந்துகொள்வாள். நான் சுமார்தான். வடைக்கு அரைத்துக்கொண்டே யோசித்தால் சுமாராகத்தான் வரும்.

இவர்கள் எல்லோருக்கும் மேலே என் வீட்டுக்காரர். அவர் சொற்களைத் தேடுகிற விதத்தை நான் பல வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். நாமெல்லாம் எழுத்துகளை வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் புரட்டுவோம். அவர் எழுத்துகளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். பாலக்காட்டுச் சித்தூரில் ஏறி பொள்ளாச்சி வரைக்கும் மனசிலேயே ஒரு பயணம். வழியில் தென்படுகிற ஒவ்வொரு கடைப் பலகையையும், ஆஸ்பத்திரியையும், லாரியின் பின்பக்கத்தையும் பார்த்து, "உன்கிட்ட இந்த மூணு எழுத்தும் இருக்கா?" என்று விசாரித்துக்கொண்டே போவார். நாற்காலிக் கையில் அவர் விரல் ஒருமுறை தட்டினால் ஒரு ஸ்டாப் தாண்டியாயிற்று என்று அர்த்தம். சோதனைச்சாவடியைத் தாண்டுவதற்குள் ஐந்தாறு சொல்லாவது கையில் இருக்கும். கிறுக்குத்தனம் என்று நான் கேலி செய்வேன். உள்ளுக்குள் எனக்கு அது பெரிய அதிசயம்.

அப்படிப்பட்ட மனுஷர் ஒருநாள் கடையில் புண்ணாக்கு அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கும்போது கை துவண்டு உட்கார்ந்துவிட்டார். ஸ்ட்ரோக் என்றார்கள். பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் கிடந்து, மெல்ல மெல்லக் கால் சரியாயிற்று. வலது கை பாதி வந்தது. பேச்சுதான் வரவில்லை.

வரவில்லை என்றால் குரல் இல்லாமல் இல்லை. நாம் சொல்வதெல்லாம் நன்றாகப் புரிகிறது. பதில் மனசில் இருப்பது முகத்திலேயே தெரிகிறது. வாயைத் திறந்தால் "அது... அது..." என்று அதே ஒன்றுதான் வரும். போதும் என்று சொல்ல வராமல் தட்டைக் கையால் மூடுவார். இதில் ஒரு வேடிக்கை, தொழுகையில் நின்றால் ஃபாத்திஹா முழுசும் தட்டாமல் தடுக்காமல் ஓதுவார். சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பி என்னிடம் தண்ணீர் கேட்க வராது. மனப்பாடமாகக் கிடப்பது வேறு இடத்திலிருந்து வருகிறது, நாமாகச் சேர்த்துச் சொல்வது வேறு இடத்திலிருந்து வருகிறது என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் விளக்கினாள். எனக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. நாள் முழுக்க வாடிக்கையாளர்களிடம் மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசியே வியாபாரம் பண்ணிய மனுஷர் அவர். "ஏனுங்க, உடம்பு தேவலைங்களா?" என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல முடியாதே என்று கடைப் பக்கமே போகாமல் ஆகிவிட்டார். கடையை நான் பார்த்துக்கொண்டேன். போன் வந்தால் எடுத்து என்னிடம் நீட்டிவிடுவார்.

அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னாள். பேச முயற்சி பண்ணிக்கொண்டே இருந்தால் வார்த்தை திரும்ப இடம் இருக்கிறது. வெட்கப்பட்டு வாயை மூடிவிட்டால் அது அப்படியே மூடிக்கொள்ளும். எனக்கு அன்றிலிருந்து அந்தப் பயம்தான். அவர் மூடிக்கொண்டே வந்தார். "அது... அது..." என்பதுகூடக் குறைந்துவிட்டது.

அப்படி இருக்கும்போதுதான் நோன்பு பிறந்தது. மருந்து சாப்பிடுகிறவருக்கு நோன்பு கடமை இல்லை. ஆனாலும் மதியம் மருந்துக்காகக் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, பிறகு பாங்கு சொல்லும்வரை பச்சைத் தண்ணீர் தொட மாட்டேன் என்று பிடிவாதம். முதல் நாள் மதியம் மைனியின் எழுத்துகள் வந்தன. எஸ், எம், ஆர். இவர் அதைப் பார்த்துவிட்டால் மனசு நொந்துபோவாரே என்று போனை எடுத்து ஒளிக்கப் போனேன். இடது கையை நீட்டி வாங்கிக்கொண்டார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்து பார்க்கிறேன், குழுவில் அவர் பெயருக்கு நேரே ஒரு சொல் இருக்கிறது. 'மாஸ்டர்.' நான் அடுப்படியில் போய் நின்று அழுதேன். வெங்காயம் பக்கத்தில் இருந்தது வசதியாகப் போயிற்று.

அதோடு விட்டிருக்கலாம். என் மகள் ஷார்ஜாவிலிருந்து உடனே இன்னொரு குழு தொடங்கினாள். அவள் அத்தாவான என் வீட்டுக்காரரும் ஜட்ஜம்மாவும் அதில் இல்லை, மற்ற எல்லோரும் இருந்தோம். சாயங்காலம் ஆனதும் எல்லோரும் கையைக் கட்டிக்கொள்வது, கடைசிச் சொல் அத்தாவுடையதாக விட்டுவிடுவது என்று அங்கே பேச்சு. ஜட்ஜம்மாவிடம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று மூச்சு விடவில்லை. நோன்பு மாதத்தில் கொடுத்துப் பழகிய ஜனங்கள் நாங்கள். வாசலில் யார் வந்து நின்றாலும் வெறும் கையோடு அனுப்ப மனசு வராது. அந்தப் பழக்கம் விளையாட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அண்ணன்கூட மடியில் கட்டியதை அவிழ்க்கவில்லை.

அவர் தொடர்ந்து ஜெயித்தார். 'சம்மர்' என்று போட்டு ஜெயித்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போடுகிற சொல்லுக்கெல்லாம் குழுவில் மாஷா அல்லாஹ் மழையாகக் கொட்டியது. ஒருநாள் சாயங்காலம் போனைக் கையில் வைத்துக்கொண்டு திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய நாட்களையெல்லாம் பார்க்கிறார் என்று புரிந்தது. சாயங்காலமானால் குழு முழுக்க ஊமையாகிப் போகிறது என்பதைக் கண்டுபிடிக்க அவருக்குப் பேச்சு தேவைப்படவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார். போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வாயை இரண்டு மூன்று முறை திறந்து மூடி, கடைசியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"ஜகாத்."

ஏழைக்குக் கொடுக்கிற கடமைத் தர்மம். அதை நீங்கள் எனக்குப் போடுகிறீர்கள் என்கிறார். நான் மறுத்துப் பார்த்தேன், உளறினேன். போனைக் கவிழ்த்து வைத்தவர் பிறகு அதைத் தொடவில்லை. பயிற்சிக்கு வந்த பெண்ணிடமும் வாயைத் திறக்கவில்லை. ஒரு சொல் கிடைத்தது, அதையும் எங்களைக் குத்தவே செலவழித்துவிட்டு மூடிக்கொண்டார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. மைனிக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். திட்டு விழும் என்று தெரிந்துதான் பண்ணினேன். கேட்டு முடித்ததும் போனை வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் குழுவில் அவர் குரல் வந்து இறங்கியது. மலையேறி எத்தனை வருஷம் ஆனாலும் கோபம் வந்தால் மைனிக்குப் பிறந்த ஊர்ப் பேச்சுதான்.

"ஏனுங்க, எல்லாருந்தான் கேட்டுக்குங்க. எந்தம்பிக்குப் பேச்சுத்தான் வரல. புத்தி எங்கயும் போயிரல. வெளையாடறதுன்னா ஒழுங்கா வெளையாடுங்க. இல்லாட்டிக் குழுவக் கலைச்சுப்போட்டு உக்காந்து ஓதுங்க, நன்மையாவது கெடைக்கும். தம்பி, நாளைக்கு எழுத்து கஷ்டமாத்தான் இருக்கும். முடிஞ்சா வா."

சமாதானமும் இல்லை, சர்க்கரை தடவலும் இல்லை. இப்படியா ஒரு நோயாளியிடம் பேசுவது என்று எனக்குக் கொதித்தது. அவரைத் திரும்பிப் பார்த்தேன். கேட்டு முடித்துவிட்டு, திரும்பவும் ஒருமுறை தட்டிக் கேட்டார். மூன்றாவது முறை கேட்கும்போது வாயோரத்தில் லேசாக ஒரு சிரிப்பு.

மறுநாள் இறங்கினார். தோற்றார். அடுத்த நாளும் தோற்றார். என் அண்ணன் பழைய வேலையைத் திரும்ப ஆரம்பித்து, பாங்கு சொல்லப் போகும் நேரத்தில் ஒவ்வொன்றாக அவிழ்த்தான். இவருக்கு எரிச்சலான எரிச்சல். தோற்றுத் தோற்று ஒரு மனுஷர் தெளிந்து வருவதை நான் அந்த மாதத்தில்தான் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்காருவார். இடது கை விரல் மெல்லத் தட்ட ஆரம்பிக்கும். முன்பெல்லாம் பறந்த பஸ் இப்போது மாட்டுவண்டி வேகத்தில் போனது. ஒரு ஸ்டாப்பிலேயே நின்றுவிடும். முதல் எழுத்தைத் தட்டுவார், அழிப்பார். பொருள் தெரிகிறது, பெயர் வரவில்லை என்று தலையை ஆட்டுவார். பெயர் வரவில்லையென்றால் பாதி எழுத்தைப் போட்டுவிட்டு மீதியைப் பக்கத்துக் கடையில் தேடுவார். கைக்கு வந்த சொல்லைத் திரையில் பார்த்து வாயாலும் சொல்லிப் பார்ப்பார். "பேனல்," என்பார். திரும்ப, "பேனல்." யாருக்காகவும் இல்லை, தனக்காக.

எனக்கு வந்திருந்தால் நான் அன்றைக்கே சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். வாழ்நாள் முழுக்கச் சொல்லில் புரண்ட மனுஷர், ஒரு சொல்லுக்கு ஒரு மதியம் முழுக்க உழைத்துவிட்டு, அதையும் கொண்டுபோய்த் தோற்றுவிட்டு, மறுநாள் மதியம் லுஹர் தொழுத கையோடு போனைத் தேடுகிறாரே, இதை என்னவென்று சொல்வது? கல்யாணமான நாளிலிருந்து அவரைப் பிடிக்கும். அந்த மாதத்தில் அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. அதற்கு முன் இல்லையா என்று கேட்காதீர்கள், இந்த அளவுக்கு இல்லை.

நோன்பு முடியப் போகிற சமயத்தில் தனித்தனி வார்த்தைகளாகக் கொஞ்சம் வாய்க்கு வந்திருந்தன. "தண்ணி" என்பார், "ஃபேன்" என்பார். இரண்டைச் சேர்த்து ஒரு வாக்கியமாக்குவது மட்டும் வரவே இல்லை. இதோடு நின்றுவிடுமோ என்று நான் உள்ளுக்குள் கணக்குப் போட ஆரம்பித்திருந்தேன்.

அன்றைக்கு வந்தவை பி, எல், என். மகள் 'டெலிபோன்' என்று ஆரம்பித்தாள். நான் 'பிளான்' போட்டேன். அவர் 'பென்சில்' போட்டார். மதியம் முழுக்க ஓடி, சாயங்காலம் ஆளாளுக்கு ஓய்ந்துபோனார்கள். நான் ஈத்தப்பழத்தையும் வடையையும் தட்டில் எடுத்துவைத்து, பள்ளிவாசலிலிருந்து வந்த கஞ்சியைச் சட்டியில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தேன். அந்த நேரம் பார்த்து அண்ணன் அவிழ்த்தான். 'டிசிப்ளின்.' இவர் பல்லைக் கடித்தார். கண்ணை மூடினார். விரல் தட்டவில்லை. பஸ் ஏறவில்லை போலிருக்கிறது. பிறகு உதடு அசைந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து கால் வைக்காத கடைக்குள் மனசாலேயே போயிருக்கிறார், பின்கட்டில் தீவன மூட்டைகளுக்கு உள்ளே போடுகிற உறையைப் பார்த்துவிட்டார். இடது கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். 'பாலிதீன்.' அனுப்பிவிட்டு, சாய்ந்து உட்கார்ந்து, என்னைப் பார்த்து ஒரு பார்வை. அண்ணனிடம் இனி சரக்கு இல்லை என்று எனக்கும் தெரியும்.

ஜட்ஜம்மாவிடமிருந்து பதில் வந்தது. "செல்லாது. பாங்கு சொல்லியாச்சு. இன்னைக்கு ஜெயிச்சது எங்க வீட்டுக்காரர்."

எங்கள் பள்ளிவாசல் மைக் இன்னும் கரகரக்கக்கூட இல்லை. ஆனைக்கரை எங்களுக்குக் கிழக்கே இருக்கிறது, அங்கே பொழுது கொஞ்சம் முந்தி அடையும். பாங்கும் ஒன்றிரண்டு நிமிஷம் முந்தித்தான் சொல்வார்கள். பாங்குக்கு முன்னால் என்று விதி வைத்தோமே தவிர, எந்த ஊர்ப் பாங்கு என்று இத்தனை வருஷத்தில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்த இரண்டு பாங்குக்கும் நடுவில் போய் விழுந்திருக்கிறது இவருடைய சொல்.

பாவி, ஒருநாள் விட்டுக்கொடுத்தால் என்ன என்று மைனியை மனசுக்குள் திட்டிக்கொண்டே அவர் பக்கம் போனேன். அதற்குள் அவர் போனைக் காதில் வைத்திருந்தார். உடம்புக்கு வந்த பிறகு அவராக யாருக்கும் போன் பண்ணியதில்லை. முகம் சிவந்து கிடந்தது. எதிர்முனையில் மைனி குரல் கேட்டதும் வெடித்தார்.

"அக்கா! எங்கூருல... எங்கூருல இன்னும் பாங்கு சொல்லுல! நீ எப்புடிச் செல்லாதுங்கற?"

நான் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். மைனிக்குப் பின்னாலிருந்து என் அண்ணன், "விட்ரு, மாப்ளைக்கே குடுத்துரு," என்பது கேட்டது. "நீங்க சும்மா இருங்க," என்று அவனை அடக்கிவிட்டு மைனி திரும்ப வந்தார். குரல் உடைந்து நடுங்கியது. தீர்ப்பில் மாற்றமில்லை.

"செல்லாதுன்னா செல்லாதுதாண்டா தம்பி. எழுத்து குடுக்கறது நானு. அப்ப எங்கூருப் பாங்குதான் கணக்கு."

"அது... அதெப்புடி? நோம்பு எனக்கா, உனக்கா? எங்கூருப் பாங்குதான் எனக்கு!"

"ஏன்னு சொல்லு. காரணத்தச் சொல்லு, கேக்கறேன்."

சொன்னார். தடுக்கித் தடுக்கி, ஒரு வார்த்தைக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூச்சு வாங்கி, பாதி வாக்கியத்தில் மாட்டிக்கொண்டு, மாட்டிய இடத்திலிருந்து இன்னும் கோபமாகப் பிடுங்கிக்கொண்டு வந்து சொன்னார். மைனி ஒவ்வொன்றையும் மறுத்தார். மறுத்துவிட்டு, அடுத்ததைச் சொல் என்று நின்றார். நாங்கள் அத்தனை பேரும் விட்டுக்கொடுத்து வாங்க முடியாததை அந்த மகராசி ஒரு சுற்றுக்கூட விட்டுக்கொடுக்காமல் வாங்கிக்கொண்டிருந்தார். என் நாத்தனாரை நான் மனசாரக் கும்பிட்டது அன்றைக்குத்தான்.

எங்கள் ஊர்ப் பாங்கு எப்போது சொன்னார்கள் என்று எனக்கு நினைவில்லை. சொல்லி முடிந்து, தெரு அடங்கி, பள்ளியில் தொழுகை தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. பாங்கு கேட்டதும் தாமதிக்காமல் நோன்பு திறக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். ஒரு ஈத்தப்பழத்தை வாயில் போட்டுக்கொண்டேன்.

அவர் போனை வைத்தார். தோற்றுத்தான் போயிருந்தார். சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கஞ்சி ஆறிப்போச்சு பாரு. சும்மா நின்னுட்டிருக்கற?"

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என்னிடம் அவர் முழுசாகப் பேசியது அதுதான். கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். அழுதால் மறுபடி வாயை மூடிக்கொள்வாரோ என்று பயமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு குரலை உயர்த்தினேன்.

"ஆற விட்டது யாரு? நானா?"

அதற்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது.